ஒரு த்ரெட் எந்தக் கோரில் ஓடும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

16 கோர் உள்ள ஒரு சர்வரில் ஒரு டேட்டாபேஸை முதல் நான்கு கோர்களுக்கு மட்டும் பிணைக்கிறோம். இப்படிப் பிணைக்கும் லினக்ஸ் கட்டளையான டாஸ்க்செட் பிழையில்லாமல் முடிகிறது. சரிபார்த்தால் பட்டியலில் 0 முதல் 3 வரை என்றுதான் வருகிறது. ஆனாலும் சில கோரிக்கைகளுக்குப் பதில் வர முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் இங்கே எந்தத் தவறும் செய்யவில்லை. இந்த டேட்டாபேஸ் நான்கு கோர்களைத் தாண்டிப் போகக் கூடாது என்று மட்டுமே நாம் அதனிடம் சொன்னோம். அந்த நான்குக்குள் வேறு யாரும் வரக் கூடாது என்று சொல்லவே இல்லை. மற்ற ப்ராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்கள், அங்கே வந்து நெருக்கும்போது டேட்டாபேஸால் காலியாக இருக்கும் மற்ற 12 கோர்களுக்கு நகரவும் முடியாது.

எங்கே ஓடலாம் என்பதைக் குறிக்கும் அஃபினிட்டியும், யார் யாரோடு சேர்ந்தவர் என்பதைக் குறிக்கும் குழுவும் கர்னலில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக வளர்ந்தவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன. லினக்ஸை மையமாக வைத்து அந்தச் சந்திப்பைப் பார்ப்போம்.

கோர் மாறினால் என்ன இழப்பு?

ஒரு த்ரெட் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) ஒரே கோரில் சிறிது நேரம் ஓடினால் அதற்கு வேண்டிய தரவு அந்தக் கோரின் எல்1, எல்2 கேஷ்களில் வந்து சேர்ந்துவிடும். எல்1 கேஷிலிருந்து படிக்க இன்றைய சிப்களில் நான்கைந்து சுழற்சிகள் போதும். எல்2 என்றால் பத்துக்கு மேல், எல்3 என்றால் பல பத்துகள். ராம் வரை போக வேண்டி வந்தால் ஏறத்தாழ 100 நானோவினாடி, அதாவது சில நூறு சுழற்சிகள் காத்திருக்க வேண்டும். த்ரெட் வேறு கோருக்கு நகர்ந்ததும் அதன் எல்1, எல்2 சேமிப்பு பழைய கோரிலேயே தங்கிவிடுகிறது; புதிய இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி இழுத்து வர வேண்டும். பல சாக்கெட் உள்ள நூமா எந்திரங்களில் இழப்பு இன்னும் பெரிது. ராமே பகுதி பகுதியாகப் பிரிந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் இருக்கிறது. பொதுவாக ஒரு நினைவகப் பக்கத்தை முதலில் தொடும் கோர் எந்த நோடில் (சிபியுகளும் அவற்றுக்கு அருகிலுள்ள ராமும் சேர்ந்த பகுதி) இருக்கிறதோ, அங்கேதான் கர்னல் அந்தப் பக்கத்தை ஒதுக்கும். பிறகு த்ரெட் வேறு நோடுக்குப் போனாலும் நினைவகம் உடனே பின்னால் வராது.

த்ரெட்களைக் கோர்களுக்குப் பங்கிடும் கர்னல் பகுதியான ஷெட்யூலருக்கும் இது தெரியும். லினக்ஸில் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி ரன்கியூ, அதாவது ஓடக் காத்திருப்பவர்களின் வரிசை, உண்டு. தூங்கி எழும் த்ரெட்டைக் கடைசியாக ஓடிய கோருக்கோ, அதை எழுப்பியவரின் கேஷுக்கு அருகில் உள்ள கோருக்கோ அனுப்பத்தான் அது முதலில் பார்க்கும். ஒரு கோரில் கூட்டம் சேர்ந்து இன்னொன்று சும்மா இருந்தால் மட்டுமே சுமைச் சமன்பாட்டுக் குறிமுறை தலையிட்டு நகர்த்தும். அதுவும் படிப்படியாக: முதலில் ஒரே கோர் இரண்டு சிபியுகளாகத் தோன்றும் இரட்டை ஹைப்பர்த்ரெட்களுக்குள், அடுத்து ஒரே எல்3 கேஷைப் பகிரும் கோர்களுக்குள், கடைசியாகத்தான் நோடு விட்டு நோடு. இந்த அடுக்குகளை ஷெட்யூலிங் டொமைன்கள் என்கிறார்கள்.

2007-இல் வந்த சிஎஃப்எஸ், அதன் இடத்துக்கு 2023-இல் 6.6 பதிப்பில் வந்த ஈஈவிடிஎஃப் ஆகிய ஷெட்யூலர் முறைகளின் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கோரின் வரிசையில் அடுத்து யார் ஓடுவது என்பதைத்தான் அவை தீர்மானிக்கின்றன. எந்தக் கோரின் வரிசை என்பது டொமைன்களின் வேலை. அஃபினிட்டி கைவைப்பது இந்த இரண்டாவது கேள்வியில்.

மாஸ்க் என்ற வேலி

ஒரு த்ரெட்டை இன்னின்ன சிபியுகளில் மட்டும் ஓடவிடும் ஷெட்-செட்அஃபினிட்டி சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் கேட்கும் அழைப்பு), 2.5.8 என்ற வளர்ச்சிப் பதிப்பில் லினக்ஸுக்குள் வந்தது. அதற்குக் கொடுப்பது ஒரு பிட் மாஸ்க்: ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு பிட், 1 என்றால் ஓடலாம், 0 என்றால் கூடாது.

பார்க்க எளிமையான இந்த அழைப்பில் சில நுணுக்கங்கள் மறைந்திருக்கின்றன. முதலாவது, மாஸ்க் ப்ராசஸுக்கு அல்ல, த்ரெட்டுக்கு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து டாஸ்க்செட்டை இயக்கினால் அதன் முதன்மை த்ரெட் மட்டுமே கட்டுப்படும். மற்ற த்ரெட்கள் பழையபடி எல்லாக் கோர்களிலும் திரியும். எல்லா த்ரெட்களையும் சேர்க்கச் சொல்லும் தேர்வைத் தனியாகக் கொடுக்க வேண்டும். தொடங்கும்போதே பிணைத்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் புதிய ப்ராசஸைப் பிறப்பிக்கும் ஃபோர்க், அதை வேறு நிரலாக மாற்றும் எக்ஸெக் இரண்டிலும் மாஸ்க் மரபாகக் கடத்தப்படும்.

இரண்டாவது, இந்த வேலியை உள்ளே இருப்பவரே தாண்டலாம். தன் சொந்த மாஸ்க்கை மாற்ற ஒரு ப்ராசஸுக்குச் சிறப்பு உரிமை எதுவும் தேவையில்லை. நீங்கள் நான்கு கோர்களுக்குப் பிணைத்த நிரல், தன் த்ரெட்களைத் தானே பங்கிட எண்ணி 16 கோர்களுக்கும் மாஸ்க்கை விரித்துக்கொண்டால் கர்னல் தடுக்காது. அதனால் அஃபினிட்டியை ஒத்துழைக்கும் நிரல்களுக்கான வசதி என்றுதான் கொள்ள வேண்டும். அதைப் பாதுகாப்பு எல்லையாக நம்பக் கூடாது.

மாஸ்க் மாறும் நேரத்தில் கர்னலுக்குள் நடப்பதும் அறிய வேண்டியதே. த்ரெட் தூங்கிக்கொண்டிருந்தால் மாஸ்க்கை மட்டும் மாற்றினால் போதும். எழும்போது அனுமதிக்கப்பட்ட கோர் தேர்ந்தெடுக்கப்படும். வரிசையில் காத்திருந்தால் ஒரு ரன்கியூவிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்த்துவிடலாம். ஆனால் தடைசெய்யப்பட்ட கோரில் அந்த நொடியே ஓடிக்கொண்டிருந்தால்? ஓடும் த்ரெட்டை வெளியிலிருந்து பிடுங்க முடியாது. இதற்காக ஒவ்வொரு சிபியுவிலும் மைக்ரேஷன் என்ற பெயரில் ஒரு கர்னல் த்ரெட் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னுரிமை நிகழ்நேர த்ரெட்களுக்கும் மேலே. அதை எழுப்பினால் அது ஓடுபவரை இடைநிறுத்தித் தான் கோரைப் பிடித்துக்கொள்ளும். இடைநிறுத்தப்பட்டவர் இப்போது வரிசையில் இருப்பவர் மட்டுமே என்பதால் நகர்த்திவிடலாம். ஒரு கோருக்கென்றே பிறந்த சில கர்னல் த்ரெட்களை மட்டும் யாராலும் நகர்த்த முடியாது. அவற்றுக்கு மாஸ்க் மாற்றக் கேட்டால் பிழைதான் திரும்பும்.

பிணைத்த கோரே எந்திரத்திலிருந்து கழற்றப்பட்டால் கர்னல் உங்கள் விருப்பத்தை மீறும். த்ரெட்டை ஓடவிடாமல் சாகடிப்பதைவிட வேறு கோரில் ஓடவிடுவதே மேல் என்று முடிவெடுத்து, இந்த ப்ராசஸ் இனி அந்தச் சிபியுவுக்குப் பிணைக்கப்பட்டதல்ல என்று கர்னல் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்த்திவிடும். அந்த வரியைப் படிக்காதவர்கள், பிணைப்பு எப்படிப் போயிற்று என்று நாள்கணக்கில் தேடுவதுண்டு.

டெர்மினலில் பிறந்த குழு

இனி குழுவின் பக்கம். யூனிக்ஸில் ப்ராசஸ் குழு என்பது டெர்மினலுக்காக உருவானது. ஷெல்லில் பைப் போட்டு மூன்று கட்டளைகளை இணைத்தால் மூன்றும் ஒரு குழு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் டெர்மினல் டிரைவர் முன்னணியில் இருக்கும் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்பும். பின்னணியில் இருப்பவை தப்பிக்கும். குழுக்கள் பல சேர்ந்தால் ஒரு செஷன். பிஎஸ்டி யூனிக்ஸின் ஜாப் கன்ட்ரோல் வழியாக 1980-களில் இந்த ஏற்பாடு பரவி, பிறகு போசிக்ஸ் தரநிலைக்குள்ளும் வந்தது.

சிக்னல் அனுப்ப இது போதும். வளம் பங்கிட இது போதாது, ஏனெனில் இதிலிருந்தும் தப்பிக்கலாம். ஒரு ப்ராசஸ் ஃபோர்க் செய்து, குழந்தை செட்சிட் அழைத்தால் போதும்: புதிய செஷன், புதிய குழு, டெர்மினல் தொடர்பே இல்லை. பின்னணியில் ஓடும் டீமன்கள் எல்லாம் இப்படித்தான் பிறந்தன. ஒரு வலை சர்வரை நிறுத்தச் சொன்னால், அது பெற்ற பிள்ளைகளில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பழைய தொடக்க ஸ்கிரிப்ட்களால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

இருந்தாலும் செஷன் ஒருமுறை ஷெட்யூலருக்குள்ளும் நுழைந்தது. 2011-இல் 2.6.38 பதிப்பில் வந்த ஆட்டோகுரூப் வசதி, ஒவ்வொரு செஷனையும் ஒரு ஷெட்யூலிங் குழுவாக எடுத்துக்கொண்டு சிபியு நேரத்தை முதலில் குழுக்களுக்கிடையே பிரிக்கும். ஒரு டெர்மினலில் 64 வேலைகளோடு கம்பைல் ஓடினாலும் இன்னொரு பக்கம் ஓடும் வீடியோ திணறாது என்பது நோக்கம். இது நிறைவேறியது. ஆனால் ஒரு பக்கவிளைவு பலருக்கு இன்றும் தெரியாது: ஆட்டோகுரூப் இயங்கும்போது நைஸ் மதிப்பு (ப்ராசஸின் முன்னுரிமையைக் குறிக்கும் எண்; 19 என்றால் மிகக் குறைவு) அதே செஷனுக்குள் இருப்பவர்களோடு ஒப்பிடும்போது மட்டுமே பொருள்படும். தனி டெர்மினலில் ஒரே ஒரு ப்ராசஸை ஓட்டி அதற்கு 19 என்று நைஸ் கொடுத்தால், போட்டிக்கு அங்கே ஆள் இல்லாததால் பயன் ஏறத்தாழ எதுவும் இல்லை.

தப்ப முடியாத குழு

கூகுளில் 2006-இல் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய வேலை, 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 பதிப்பில் சிகுரூப் என்ற பெயரில் கர்னலுக்குள் வந்தது. இதன் அடிப்படை எளிது. ஒவ்வொரு ப்ராசஸும் ஒரு மரத்தின் ஏதோ ஒரு கிளையில் இருக்கும். அது பெறும் பிள்ளைகள் அதே கிளையில் பிறக்கும். கிளை மாற அந்த மரத்தின் கோப்புகளில் எழுதும் உரிமை வேண்டும். செட்சிட் அழைத்தாலும் இரண்டு முறை ஃபோர்க் செய்தாலும் கிளை மாறாது. ஒரு சேவையை நிறுத்தும்போது அதன் பிள்ளைகள் அனைத்தையும் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தேடிப்பிடித்து முடித்துவைப்பது இந்த நம்பிக்கையில்தான்.

அஃபினிட்டி வந்து சேர்வது சிபியுசெட் வழியாக. இது சிகுரூப்பைவிட மூத்தது. எஸ்ஜிஐ, புல் நிறுவனங்களின் பெரிய நூமா எந்திரங்களுக்காக எழுதப்பட்டு 2005-இல் 2.6.12 பதிப்பில் தனியாக வந்தது, பிறகு சிகுரூப்பின் ஒரு கட்டுப்படுத்தியாக மாறியது. ஒரு குழு எந்தச் சிபியுகளில் ஓடலாம், எந்த நோடுகளின் நினைவகத்தைப் பயன்படுத்தலாம் என்ற இரண்டையும் இது வரையறுக்கிறது.

ஆக, ஒரு த்ரெட் உண்மையில் ஓடக்கூடிய சிபியுகள் மூன்று கணங்களின் வெட்டு: த்ரெட் கேட்ட மாஸ்க், அதன் சிகுரூப் கொடுக்கும் சிபியுசெட், அந்த நேரத்தில் இயங்கும் சிபியுகள். குழுவுக்கு 4 முதல் 7 வரை மட்டும் இருக்க, உள்ளே இருக்கும் நிரல் 0 முதல் 7 வரை கேட்டால் அழைப்பு வெற்றி என்றே திரும்பும், கிடைப்பது 4 முதல் 7 வரை மட்டும். 0 முதல் 3 வரை மட்டும் கேட்டால் வெட்டு வெற்றுக் கணமாகி பிழை வரும். கண்டெய்னருக்குள் (சிகுரூப் போன்றவற்றால் தனியாகப் பிரித்த சூழல்) ஓடும் நிரல் கோர் எண்களைத் தன் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தால் ஒரு எந்திரத்தில் ஓடி அடுத்ததில் விழுவது இதனால்தான்.

இந்த வெட்டில் நெடுநாள் ஒரு குறை இருந்தது. நிர்வாகி சிபியுசெட்டை மாற்றினால் உள்ளே இருந்த த்ரெட்கள் தாமே கேட்டிருந்த மாஸ்க்கின் மேல் புதிய சிபியுசெட் அப்படியே எழுதப்பட்டுவிடும். கவனமாகப் பிணைத்த பங்கீடு சத்தமில்லாமல் அழியும். 6.2 பதிப்பிலிருந்து த்ரெட் கேட்டதைக் கர்னல் தனியாக நினைவில் வைத்து, சிபியுசெட் மாறும்போது மறுபடி வெட்டிப் பார்க்கிறது. அப்படி நினைவில் வைக்கும் இடம் முதலில் உருவானது வேறொரு தேவைக்காக என்பது சுவையான செய்தி. சில 64 பிட் ஆர்ம் சிப்களில் எல்லாக் கோர்களாலும் 32 பிட் நிரல்களை ஓட்ட முடியாது. 32 பிட் நிரல் ஒன்று தொடங்கும்போது அதன் மாஸ்க்கைக் கர்னலே சுருக்க வேண்டும், அது 64 பிட் நிரலாக மாறினால் பழைய விருப்பத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்காக 5.15-இல் வந்த அமைப்பு இங்கேயும் கைகொடுத்தது.

நேரத்தின் அளவும் கோரின் எண்ணிக்கையும்

சிபியு கட்டுப்பாடு என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. சிபியுசெட் இடத்தைக் கட்டுப்படுத்துகிறது. கோட்டா நேரத்தைக் கட்டுப்படுத்துகிறது. கண்டெய்னருக்கு ஒரு சிபியு என்று வரம்பு வைக்கும்போது பெரும்பாலும் அமைவது கோட்டாதான்: ஒவ்வொரு 100 மில்லிவினாடியிலும் 100 மில்லிவினாடி சிபியு நேரம். அந்தக் கண்டெய்னரில் எட்டு த்ரெட்கள் எட்டுக் கோர்களில் ஒரே நேரத்தில் ஓடினால் 12.5 மில்லிவினாடியில் பங்கு தீர்ந்துவிடும். மீதி 87.5 மில்லிவினாடி எட்டுமே நிறுத்திவைக்கப்படும். சராசரிப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடத்தில் எந்தக் குறையும் தெரியாது. பதில் நேரத்தில் மட்டும் இந்த ஓட்டை தெரியும்.

எத்தனை த்ரெட் தொடங்கலாம் என்று நிரல்கள் எண்ணும் முறை இதை மோசமாக்கியது. எத்தனை சிபியு கிடைக்கும் என்று சொல்லும் என்ப்ராக் கட்டளை நெடுங்காலம் அஃபினிட்டி மாஸ்க்கைத்தான் பார்த்தது, கோட்டாவைப் பார்க்கவில்லை. கோ மொழியும் நெடுங்காலம் அப்படியே செய்தது. 64 கோர் எந்திரத்தில் ஒரு சிபியு கோட்டாவில் ஓடினாலும் 64 என்று எடுத்துக்கொள்ளும். 2025-இல் வந்த 1.25 பதிப்பில்தான் சிகுரூப் வரம்பையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. என் கருத்தில், தாமதம் முக்கியமான சேவைக்கு ஒரே அளவு சிபியுவைக் கோட்டாவாகத் தருவதைவிடச் சிபியுசெட்டாகத் தருவது பெரும்பாலும் நல்லது. நிரல் தன் உண்மையான அளவைச் சரியாகப் பார்க்கிறது, நடுவில் நிறுத்தப்படுவதும் இல்லை. விலை என்னவென்றால், அது சும்மா இருக்கும்போது அதன் கோர்களைத் தனியுரிமையாக வைத்திருந்தால் மற்றவர்களுக்கு அவை பயன்படாது.

மற்றவர்களை வெளியே நிறுத்துவது

தொடக்கத்தில் சொன்ன டேட்டாபேஸுக்குத் தேவைப்பட்டது இந்தத் தனியுரிமைதான். பழைய வழி, ஐசோல்சிபியுஸ் என்ற பூட் அளவுரு. குறிப்பிட்ட கோர்களைச் சுமைச் சமன்பாட்டிலிருந்தே நீக்கிவிடும். யாரும் வெளிப்படையாகப் பிணைத்தால் தவிர அங்கே வரமாட்டார்கள். மாற்ற வேண்டுமானால் எந்திரத்தை மறுபடி தொடங்க வேண்டும். சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில், 2019-இல் 5.0 கர்னலோடு வந்த சிபியுசெட் பார்ட்டிஷன், ஓடும்போதே ஒரு குழுவுக்குக் கோர்களைப் பிரித்துத் தருகிறது. தாய்க் குழுவின் பட்டியலிலிருந்து அவை நீங்கிவிடும், பிள்ளைக்கு அது தனி ஷெட்யூலிங் டொமைன். பின்னர் சேர்ந்த ஐசோலேட்டட் வகை, உள்ளே சுமைச் சமன்பாட்டையும் நிறுத்திவிடுகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பொறி இருக்கிறது. தனிமைப்படுத்திய நான்கு கோர்களுக்கு எட்டு த்ரெட் உள்ள நிரலை மொத்தமாகப் பிணைத்தால், எட்டும் ஒரே கோரில் குவிந்து மற்ற மூன்றும் சும்மா கிடக்கலாம். சமன்பாடு செய்ய அங்கே யாரும் இல்லை, நீங்கள்தான் அதை நீக்கினீர்கள். ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனிக் கோருக்கு நீங்களே பிணைக்க வேண்டும். அதைச் செய்யத் தயாரில்லை என்றால் சமன்பாடு உள்ள சாதாரணப் பார்ட்டிஷன்தான் சரி. அதோடு, பிரித்த கோர்களிலும் குறுக்கீடுகள் (சாதனங்கள் சிபியுவின் கவனத்தை இழுக்கும் சிக்னல்கள்) வரும். நெட்வொர்க் அட்டையின் குறுக்கீட்டை வேறு கோருக்கு மாற்றுவது தனி வேலை. குறுக்கீடுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யுபேலன்ஸ் டீமன் அதைத் திருப்பி மாற்றிவிடாமல் பார்ப்பது இன்னொன்று.

பிணைப்பை ஷெட்யூலர் எழுதியவர்களே முழுதாக எண்ணிப் பார்க்காத இடங்களும் இருந்திருக்கின்றன. 2016 யூரோசிஸ் மாநாட்டில் ஓர் ஆய்வுக் குழு, எட்டு நூமா நோடுகளும் 64 கோர்களும் உள்ள எந்திரத்தில் ஒரு விசித்திரத்தைக் காட்டியது. ஒன்றுக்கொன்று நேரடி இணைப்பில்லாத இரண்டு நோடுகளுக்கு ஒரு நிரலை டாஸ்க்செட்டால் பிணைத்தால், அதன் த்ரெட்கள் எல்லாம் ஒரு நோடிலேயே தங்கின. மற்ற நோடு காலியாகவே இருந்தது. காரணம், டொமைன்களின் உட்குழுக்கள் எல்லாக் கோர்களுக்கும் 0-ஆம் கோரின் பார்வையிலிருந்தே கட்டப்பட்டிருந்தன. அந்த இரண்டு நோடுகளும் ஒப்பிடப்படும் இரண்டு உட்குழுக்களிலும் இடம்பெற்றதால், இரண்டின் சராசரிச் சுமையும் சமமாகவே தெரிந்தது. சும்மா இருந்த கோர்கள் பார்த்துவிட்டு எல்லாம் சமம் என்று விட்டுவிட்டன. குறையைச் சரிசெய்ததும் ஒரு சோதனை நிரல் 27 மடங்கு வேகமாக ஓடியது.

விண்டோஸில் குழு என்ற சொல் சிபியுகளுக்கே வந்து சேர்ந்தது. அங்கே அஃபினிட்டி மாஸ்க் 64 பிட் எண் என்பதால் 64-க்கு மேற்பட்ட லாஜிக்கல் ப்ராசசர்களைச் சொல்ல இடமில்லை. விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 இரண்டிலும் ப்ராசசர்களை 64 வரையிலான குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு ப்ராசஸ் இயல்பாக ஒரு குழுவுக்குள் மட்டுமே ஓடும். மீதியைப் பயன்படுத்த நிரலே வெளிப்படையாகக் கேட்க வேண்டும். விண்டோஸ் 11, சர்வர் 2022 முதல் எல்லாக் குழுக்களிலும் பரவுவதே இயல்பாயிற்று. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியிலும் இதே மாதிரி எல்லை உண்டு: நிலையான மாஸ்க் வகையில் 1024 சிபியுகள்தான். அதற்கு மேல் உள்ள எந்திரத்தில் மாஸ்க்கின் அளவை நிரலே கேட்டு ஒதுக்க வேண்டும்.

பிணைத்தும் தாமதம் குறையவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை இது. ப்ராசஸ் விவரங்களைக் காட்டும் ப்ராக் கோப்பு அமைப்பில் ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்போடு நிற்காமல் அதன் டாஸ்க் அடைவுக்குள் ஒவ்வொரு த்ரெட்டின் அனுமதிப் பட்டியலையும் படிக்க வேண்டும். அடுத்து அதன் சிகுரூப்பில் கேட்ட சிபியுசெட்டையும் நடைமுறையில் கிடைத்த சிபியுசெட்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டாம் பதிப்பில் இவை தனித்தனிக் கோப்புகள். சிபியு ஸ்டாட் கோப்பில் நிறுத்திவைக்கப்பட்ட காலப்பகுதிகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்தால் கோட்டாவின் பங்கு தெரிந்துவிடும். இவை மூன்றும் சரி என்றால் அதே கோர்களில் வேறு யார் ஓடுகிறார்கள் என்பதையும், குறுக்கீட்டுப் பட்டியலில் அந்தக் கோர்களின் பத்தி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.